கட்டுப்பாட்டுத் துறையில் ஒரு பேராசிரியரின் ஆயுள்: கிளிநொச்சியில் படிக்கும் தங்கச்சிக்கு ஒரு பதில்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்தில், கிளிநொச்சி அறிவியல் நகரில், மின் இலத்திரனியல் பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கும் வடமராட்சித் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கட்டுப்பாட்டுத் தொகுதிகள் பாடம் எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. இந்தத் துறையில பேராசிரியரா வாறவையின்ர வாழ்க்கை எப்படிப் போகும்? எத்தனை வருசம் எடுக்கும்? ஒவ்வொரு கட்டத்திலயும் உண்மையில என்ன செய்யவேணும்? அம்மா மின்சார சபையில வேலை கிடைச்சாக் காணும் எண்டுறா."

தங்கச்சி, ஒரு இயந்திரத்தையோ தொகுதியையோ வேண்டிய நிலையில் தானாகவே நிற்கச் செய்வது பற்றிய இந்தப் பாடத்தை நான் படிப்பிக்கத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேலாகிறது. முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பொறியியல் பட்டத்துக்கு நான்கு வருடம். அதன்பின் இடம் கிடைக்கும்வரை ஒன்றோ இரண்டோ வருடம். கலாநிதிப் பட்டத்துக்கு நான்கைந்து வருடம். அதற்குப் பிறகு பேராசிரியர் என்ற பெயர் வர இன்னும் பத்துப் பதினைந்து வருடம். எல்லாம் ஒழுங்காகப் போனாலும் நாற்பது வயதைத் தாண்டித்தான் அந்தக் கதிரை. இவ்வளவு நீண்ட தூரத்தில் ஒருவரை நடத்திக்கொண்டு போவது சம்பளமும் பதவியும் என்று நான் நம்பவில்லை. இந்தத் துறையில் நான் மதிக்கிற எல்லோருமே ஒரேயொரு கேள்வியை இருபது, முப்பது வருடம் விடாமல் வைத்திருந்தவர்கள். உங்களுக்கு அப்படியொரு கேள்வி வாய்க்குமா என்பதை யோசிக்க உதவுமென்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கேள்வி என்று எதைச் சொல்கிறேன் என்பதை ஊரிலிருந்தே விளங்கப்படுத்தலாம். 1990 களின் தொடக்கத்தில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் கவிழாமல் நிறுத்தி, டைனமோவை வானொலியோடு பொருத்தி, ஒருவர் மிதிக்க வேண்டும். மிதி தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் மங்கும். குரல் மங்குவதைக் காது கேட்கும், கால் உடனே கெதியாக மிதிக்கும். காதுக்கும் காலுக்கும் இடையிலுள்ள அந்த வட்டம்தான் பின்னூட்டல். எங்கள் வீட்டில் அண்ணா மிதித்தால் குரல் ஒரே சீராக வரும், நான் மிதித்தால் ஏறி இறங்கும். நான் பிந்திக் கேட்டு, தேவைக்கு மேல் மிதித்து, பிறகு தேவைக்குக் கீழே விட்டுவிடுவேன். பிந்திய பின்னூட்டல் ஆட்டத்தைப் பெருக்கும் என்பதைப் பேராதனையில் நைக்குவிஸ்ட் வரைபாக (தொகுதி ஆடாமல் நிற்குமா என்று காட்டும் வரைபு) படித்தபோது, எனக்கு அது ஏற்கெனவே காலில் தெரிந்த விசயமாக இருந்தது.

வல்வெட்டித்துறையில் பொங்கலுக்குப் பட்டம் விடுகிறவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். முச்சை (பட்டத்தை நூலோடு இணைக்கும் கட்டு) சரியில்லாவிட்டால் எந்தக் கெட்டிக்காரன் நூலைப் பிடித்தாலும் பட்டம் குத்தும். வால் கட்டையானால் ஆட்டம் அடங்காது, நீண்டால் பட்டம் எழும்பாது. பொருளின் இயல்பிலேயே எவ்வளவு உறுதி இருக்கவேண்டும், எவ்வளவைக் கையால் திருத்தலாம் என்பது விமானம் வடிவமைப்பவர்கள் இன்றைக்கும் கேட்கிற கேள்வி.

கணிதமாக இது தொடங்கியது 1868 இல். ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரங்களில் வேகத்தைக் கட்டுப்படுத்த இரண்டு சுழலும் குண்டுகள் இருந்தன. சில இயந்திரங்களில் அவை வேகத்தை நிலைநிறுத்துவதற்குப் பதிலாக ஊசலாடத் தொடங்கின. ஏன் என்பதை பௌதிகவியலாளர் மக்ஸ்வெல் சமன்பாடாக எழுதினார். விடை ஒரு பல்லுறுப்பியின் மூலங்களில் இருந்தது: எல்லா மூலங்களினதும் மெய்ப்பகுதி மறையாக இருந்தால் ஆட்டம் தேயும், ஒன்றினதாவது நேர்ப்பெறுமானமாக இருந்தால் வளரும். எந்தப் படியிலுள்ள பல்லுறுப்பிக்கும் அதைச் சோதிக்கும் முறையை 1877 இல் றவுத் கொடுத்தார். மக்ஸ்வெல்லும் றவுத்தும் கேம்பிரிட்ஜில் ஒரே வருடத்துக் கணித மாணவர்கள், இறுதிச் சோதனையில் முதலாம் இடம் றவுத்துக்கு, இரண்டாம் இடம் மக்ஸ்வெல்லுக்கு. உயர்தரத்தில் இணைந்த கணிதத்தில் சிக்கலெண்ணும் பௌதிகவியலில் எளிமை இசை இயக்கமும் படித்தீர்களே, இந்த இரண்டும் சந்திக்கிற இடத்தில் இந்தத் துறை பிறந்தது. நீங்கள் நினைப்பதைவிட அதற்குக் கிட்ட நிற்கிறீர்கள்.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பதினொன்றரை அளவில் இலங்கை முழுவதும் இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பட்டதால் ஏற்பட்ட கோளாறு என்பதோடு எல்லோரும் அந்தக் கதையை விட்டுவிட்டார்கள். கட்டுப்பாடு படிக்கிறவர் அங்கேதான் தொடங்கவேண்டும். ஓரிடத்துக் கோளாறு முழு நாட்டையும் ஏன் விழுத்தியது? மின்சார சபை அப்போது சொன்ன விளக்கத்தில் விடை இருக்கிறது. ஞாயிறு என்பதால் தேவை குறைவு. உச்சி வெயிலில் சூரியமின்னின் பங்கு அதிகம். அதனால் சுழன்றுகொண்டிருந்த பெரிய இயந்திரங்கள் குறைவு, தொகுதியின் சடத்துவமும் குறைவு. எங்கள் சைக்கிளில் பாரமான சக்கரம் இருந்தால் மிதி ஒரு நொடி தவறினாலும் குரல் உடனே விழாது, இலேசான சக்கரத்தில் உடனே விழும். 50 ஹேர்ட்ஸில் நிற்கவேண்டிய மீடிறன், சடத்துவம் குறைந்த வலையமைப்பில் கெதியாகச் சரிகிறது. கட்டுப்படுத்திகள் விழித்து எழும்ப நேரம் போதாது. கூரைகளிலுள்ள சூரியமின் இன்வேர்ட்டர்கள் சுழலும் பாரம் இல்லாமலேயே அந்தப் பாரம் இருப்பதுபோல நடக்கச் செய்யலாமா? உலகம் முழுவதும் கட்டுப்பாட்டுப் பேராசிரியர்கள் இப்போது மினக்கெடும் கேள்விகளில் இதுவும் ஒன்று. அது உங்கள் வீட்டுக் கூரையிலேயே இருக்கிறது.

சரி, பாதைக்கு வருகிறேன்.

பட்டம் முடியும்போது முதலாம் வகுப்பு, அல்லது குறைந்தது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு வேண்டும். இலங்கையில் தகுதிகாண் விரிவுரையாளராக விண்ணப்பிப்பதற்கும் அதுதான் வாசல், வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கும் அதுதான் வாசல். முடித்தவுடன் தற்காலிக விரிவுரையாளராகவோ போதனாசிரியராகவோ ஒரு வருடம் நிற்கக் கிடைத்தால் நில்லுங்கள். சம்பளம் பெரிதில்லை. ஆனால் ஒரு விசயத்தை நாற்பது பேருக்கு விளங்கப்படுத்த முயன்றால்தான் அது தனக்கு விளங்கவில்லை என்று தெரியவரும். றூட் லோகஸ் (அந்த மூலங்கள் நகரும் பாதையை வரையும் முறை) எனக்கு விளங்கியது நான் படித்த வருடத்தில் இல்லை, படிப்பித்த வருடத்தில்.

அந்த ஒரு வருடத்தில் கணிதத்தையும் பலப்படுத்துங்கள். பொறியியல் பட்டத்தில் படிப்பிக்கிற கணிதம் கட்டுப்பாட்டு ஆராய்ச்சிக்குக் காணாது. தாயங்களைப் பெருக்கத் தெரிவது ஒன்று, அவற்றை வெளிகளுக்கிடையிலான உருமாற்றமாகப் பார்க்கத் தெரிவது வேறு. லீனியர் அல்ஜீப்ரா, மெய்ப் பகுப்பாய்வு, வகையீட்டுச் சமன்பாடுகள், நிகழ்தகவு, உத்தமமாக்கல் ஆகிய ஐந்தும் கையில் இருந்தால் எந்த ஆய்வுக் குழுவிலும் நிமிர்ந்து இருக்கலாம். நல்ல விரிவுரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. எங்களுக்குக் கிடைக்காத வசதி இது.

மேற்பார்வையாளரைத் தேடும்போது பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து மயங்கவேண்டாம். அவர் கடைசி ஐந்து வருடத்தில் என்ன எழுதினார், அவரிடம் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். அவருடைய தற்போதைய மாணவர் ஒருவருக்கு எழுதி, ஆள் எப்படி என்று விசாரியுங்கள். கலியாணம் பேசும்போது நாலு பேரிடம் விசாரிக்கிறோமே, ஐந்து வருடம் ஒருவரின் கீழ் வேலை செய்யப்போவதற்கு விசாரிக்காமல் போகலாமா? பேராசிரியருக்கு எழுதும் கடிதம் குறுகியதாக இருக்கட்டும். அவருடைய கட்டுரை ஒன்றை வாசித்து, அதிலுள்ள உதாரணத்தைக் கணினியில் நீங்களே செய்து பார்த்து, எந்த இடத்தில் உங்கள் விடை வேறாக வந்தது என்று எழுதுங்கள். புகழுரையோடு வருகிற நூறு கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. அப்படி ஒரு கடிதம் வந்தால் அன்றைக்கே போடுவேன்.

மொழியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடமுடியாது. உயர்தரம்வரை மீடிறன், சடத்துவம், தொகையீடு, தாயம் என்று தமிழில் படித்த பிள்ளை பல்கலைக்கழகத்தில் முதல்நாளே எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேட்கிறது. விசயம் தெரிந்த பிள்ளையும் வாய் திறக்காமல் பின்வாங்கிலில் இருக்கிறது. நானும் அப்படி இருந்தேன். முதல் இரண்டு பருவமும் என்னை மக்குப் பொடியன் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு சிரேஷ்ட மாணவர் விடுதியில் இருந்து லப்லாஸ் உருமாற்றத்தைத் தமிழில் ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஆகவே யோசிப்பதைத் தமிழில் யோசியுங்கள், எழுதுவதை ஆங்கிலத்தில் எழுதுங்கள், வெட்கப்படவேண்டாம். நீங்கள் விரிவுரையாளராக வந்தால் பின்வாங்கிலில் இருக்கிற பிள்ளையிடம் போய்த் தமிழில் கேளுங்கள். எத்தனை நல்ல மூளைகள் இந்த ஒரு மாற்றத்தில் சோர்ந்து போகின்றன என்று பார்த்தவன் சொல்கிறேன்.

கலாநிதிப் படிப்பின் முதல் ஒன்றரை, இரண்டு வருடம் பாடங்களில் போகும். நேர்கோட்டுத் தொகுதிகள், லியாபுனோவின் முறை, உத்தமக் கட்டுப்பாடு, இரைச்சலுள்ள அளவீடுகளிலிருந்து உண்மை நிலையை மதிப்பிடும் கால்மன் வடி என்று. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. கட்டுப்பாட்டுத் துறை பொறியியலின் மற்றப் பகுதிகளிலிருந்து இந்த இடத்தில் விலகுகிறது. இங்கே ஒரு கருவியைச் செய்து "வேலை செய்கிறது" என்று காட்டினால் மட்டும் காணாது. ஏன் எப்போதும் வேலை செய்யும், எந்த நிபந்தனையில் செய்யாமல் போகும் என்று நிறுவவேண்டும். மூன்றாம் வருடத்தில் நான் ஒரு தேற்றத்தை நிறுவிவிட்டதாக நினைத்து முப்பது பக்கம் எழுதினேன். மேற்பார்வையாளர் ஏழாம் பக்கத்தில் ஒரு துணைத்தேற்றத்துக்குக் கீழே பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, "இந்த மாறிலி நேரத்தோடு மாறாது என்று எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எட்டு மாதம் போனது. ஆனால் அந்த மாறிலி மாறினால் என்ன நடக்கும் என்பதே பிறகு என் ஆய்வேடாக வந்தது, இன்றைக்கும் அந்தக் கேள்வியின் பேரப்பிள்ளைகளோடுதான் வேலை செய்கிறேன்.

இந்தத் துறையில் புதியவர் ஒருவர் பெரியவர்களைத் திருத்தலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஜோன் டொயில். 1960 களில் கால்மனும் மற்றவர்களும் வளர்த்த உத்தமக் கட்டுப்பாட்டு முறை உறுதிநிலையில் தாராளமான விளிம்பு, அதாவது கணக்கிலிருந்து தொகுதி கொஞ்சம் விலகினாலும் ஆட்டம் காணாமல் நிற்கும் இடைவெளி, தரும் என்று காட்டப்பட்டிருந்தது. அளவீட்டு இரைச்சலுக்காக மதிப்பீட்டு வடியைச் சேர்த்தாலும் அந்த விளிம்புக்கு உத்தரவாதம் இருக்குமா என்பது கேள்வி. 1978 இல் டொயில் ஒரு மிகச் சின்னக் கட்டுரை எழுதினார். உத்தரவாதமான விளிம்புகள் எவை என்று தலைப்பு எதிர்பார்க்க வைக்கும், சுருக்கத்தில் "எதுவுமில்லை" என்ற அர்த்தத்தில் ஒரே வசனம். உள்ளே இரண்டாம் படித் தொகுதி ஒன்றின் எதிருதாரணம். அவ்வளவுதான். அப்போது அவருக்குக் கலாநிதிப் பட்டம்கூடக் கிடைத்திருக்கவில்லை. அந்த ஒரு எதிருதாரணம் அடுத்த பதினைந்து வருட ஆராய்ச்சியின் திசையை மாற்றியது. இரண்டாம் படி என்பது நீங்கள் இப்போதே கையால் செய்யக்கூடிய கணக்கு, கவனியுங்கள்.

கட்டுரை வெளிவருவதற்குப் பொறுமை வேண்டும். மின்பொறியியலாளரின் உலகச் சங்கமான ஐ ட்ரிபிள் ஈ யின் தானியங்கிக் கட்டுப்பாட்டுச் சஞ்சிகை, ஓட்டோமட்டிக்கா போன்ற இடங்களில் அனுப்பி, திருத்தி, மறுபடி அனுப்பி அச்சில் வர ஒரு வருடத்துக்கு மேல் போவது சாதாரணம். நிராகரிப்பு எல்லோருக்கும் வரும். கால்மன் 1960 இல் தன் புகழ்பெற்ற வடியை எழுதியபோது மின்பொறியியலாளரிடையே சந்தேகம் இருந்தது, கட்டுரை இயந்திரப் பொறியியலாளரின் சஞ்சிகையில்தான் வந்தது. சில வருடத்தில் அதுவே சந்திரனுக்குப் போன அப்பலோ கலங்களின் வழிகாட்டலில் இருந்தது.

ஊருக்குத் திரும்பினால் படிகள் இப்படி: தகுதிகாண் விரிவுரையாளர், சிரேஷ்ட விரிவுரையாளர் தரம் இரண்டு, பிறகு தரம் ஒன்று, இணைப் பேராசிரியர், பேராசிரியர், சிரேஷ்ட பேராசிரியர். பேராசிரியர் தரத்துக்கு ஆராய்ச்சி, கற்பித்தல், நிறுவனத்துக்கும் நாட்டுக்கும் செய்த பணி என்று புள்ளிகள் உண்டு, வெளியாட்கள் மதிப்பிடுவார்கள். ஏழு வருட சேவைக்கு ஒரு வருடம் ஆய்வு விடுப்பு. ஓய்வு அறுபத்தைந்தில். கல்வி விடுப்பில் வெளிநாடு போகிறவர் திரும்பி வந்து சேவை செய்வதாக பொண்ட் ஒப்பமிடவேண்டும். அதில் சொந்தக்காரர் பிணை நிற்பார்கள். திரும்பாமல் விட்டால் பிணை நின்றவரின் வாசலுக்குக் கடிதம் வரும். ஒப்பமிட முன் இதைக் குடும்பத்தோடு ஆறுதலாகக் கதையுங்கள். வெளிநாட்டில் நின்றால் உதவிப் பேராசிரியராகத் தொடங்கி, ஐந்தாறு வருடத்தில் நிரந்தரம் கிடைக்கும் அல்லது வேறிடம் பார்க்கவேண்டும். அந்த ஐந்தாறு வருடமும் நித்திரை குறைந்த வருடங்கள்.

இனி, ஒரு கேள்வியோடு வாழ்வது என்று சொன்னேனே, அதற்கு ஒரு மனிதரைக் காட்டுகிறேன். கும்பட்டி நரேந்திரா. சென்னையில் 1933 இல் பிறந்து, கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1954 இல் பட்டம் பெற்று, ஹார்வர்டில் 1959 இல் கலாநிதியாகி, அங்கே படிப்பித்துவிட்டு 1965 இல் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். அவருடைய கேள்வி: தான் கட்டுப்படுத்தும் பொருளை முழுதாக அறியாத ஒரு கட்டுப்படுத்தி, ஓடிக்கொண்டே பழகி, தன்னைத் தானே திருத்திக்கொள்ள முடியுமா? அப்படிப் பழகும்போது எல்லாம் கட்டுமீறிப் போகாது என்று நிறுவமுடியுமா?

இந்தக் கேள்வியின் பாரம் விளங்க 1967 நவம்பர் 15 ஐச் சொல்லவேண்டும். எக்ஸ்-15 என்ற அமெரிக்க ஆராய்ச்சி விமானத்தில் தன்னைத் திருத்திக்கொள்ளும் கட்டுப்படுத்தி இருந்தது. அன்றைய பறப்பில் விமானம் சுழலில் மாட்டி, பிறகு உடைந்தது. விமானி மைக்கல் அடம்ஸ் இறந்தார். மின்கோளாறும் விமானியின் திசைமயக்கமும் காரணங்களில் இருந்தன. ஆனால் கட்டுப்படுத்தி ஓர் ஊசலாட்டத்தில் சிக்கி, மீளும் வழியை அடைத்துவிட்டதும் உண்மை. பழகும் இயந்திரத்துக்கு நிறுவல் வேண்டும் என்று கேட்பது கணிதக்காரரின் பிடிவாதம் என்று நினைப்பவர்களிடம் நான் இதைச் சொல்வேன்.

நிறுவல் வர 1980 ஆனது. நரேந்திரா தன் மாணவர்கள் லின், வளவாணி ஆகியோரோடு எழுதியது ஒன்று. அதே காலத்தில் மோர்ஸும், குட்வின் குழுவினரும் தனித்தனியே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அடுத்த வருடங்களில், நிறுவலின் எடுகோள்கள் கொஞ்சம் பிசகினாலும் தொகுதி ஆட்டம் காணும் என்று மற்றவர்கள் காட்டினார்கள். நரேந்திரா அதை விட்டு ஓடவில்லை. திரும்ப உட்கார்ந்து உறுதித்தன்மையைப் பற்றி எழுதினார். 1990 இல் கண்ணன் பார்த்தசாரதியோடு நரம்பு வலையமைப்புகளைக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுத்துவது பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையில் மிக அதிகமாகச் சுட்டப்படுகிறவற்றில் ஒன்று. செயற்கை நுண்ணறிவு என்று இன்று எல்லோரும் கதைப்பதற்கு எவ்வளவு முன்பு என்று பாருங்கள். கருவிகள் மாறின, கேள்வி ஒன்றே. அவரிடம் படித்த அனுராதா அண்ணாசுவாமி இப்போது எம்.ஐ.டி.யில் இருக்கிறார், 2020 இல் ஐ ட்ரிபிள் ஈ யின் கட்டுப்பாட்டுத் தொகுதிகள் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். பெண்பிள்ளைக்கு இந்தத் துறை சரிவருமா என்று யாராவது கேட்டால் அவருடைய பெயரைச் சொல்லுங்கள்.

நாளாந்த வாழ்க்கையைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் ஆராய்ச்சிக்கு மிஞ்சுவது ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. விரிவுரை, விடைத்தாள், கூட்டம், நிதி விண்ணப்பம், மாணவரின் ஆய்வேடு. கெதியாகச் சொல்லிவிட்டுப் போகிற பகுதி இது, ஏனென்றால் எல்லாத் துறையிலும் இதுதான். கட்டுப்பாட்டுக்கென்று தனியாக இருப்பது ஆய்வுகூடம். கரும்பலகையில் வெறும் எழுத்தாகத் தெரிந்த சமன்பாடு, தலைகீழ் ஊசலைக் குத்தென நிறுத்திக் காட்டும்போது பிள்ளைகளின் முகத்தில் வருகிற வெளிச்சத்துக்காகவே நான் மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறேன். அதற்கு இலட்சக்கணக்கில் செலவழித்துப் பெட்டியில் வரும் கருவி வேண்டியதில்லை. பழைய பிரின்டரின் மோட்டாரும் தண்டவாளமும், ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்றும், கோணத்தை அளக்க ஓர் என்கோடரும் போதும். வாங்கிய கருவியில் உராய்வு சின்னதாக இருக்கும், பிரின்டர் மோட்டாரில் பெரிதாக இருக்கும். சமன்பாட்டில் இல்லாத அந்த உராய்வோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைதான் நல்ல பொறியியலாளராக வருகிறது.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதெல்லாம் முடியுமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, கேள்விக்குள் அது இருக்கிறது. பேராசிரியர் அழகையா துரைராஜாவை எண்ணிப்பாருங்கள். ஹாட்லிக் கல்லூரி மாணவர், துறை குடிசார் பொறியியல். கேம்பிரிட்ஜில் மண்ணின் பொறிமுறையில் ஆராய்ந்து, றொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோரோடு 1963 இல் எழுதிய களிமண் பற்றிய கட்டுரை இன்றைக்கும் மண்பொறியியல் பாடத்தின் அத்திவாரத்தில் இருக்கிறது. அப்படிப்பட்டவர் திரும்பி வந்து பேராதனையில் படிப்பித்து, 1988 முதல் 1994 இல் இறக்கும்வரை, யுத்தத்தின் நடுவில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக நின்றார். அப்போது பொறியியற் பீடம் ஒரு கனவு. முதல் அணி மாணவர்கள் அறிவியல் நகருக்கு வந்தது 2014 இல்தான். நீங்கள் இருக்கிற வகுப்பறைக்கு அவ்வளவு காத்திருப்பு இருக்கிறது.

இங்கேயே கேள்விகளும் இருக்கின்றன. எழுவைதீவில் காற்று, வெயில், பற்றறி, டீசல் நான்கையும் சேர்த்து ஓட்டும் சின்ன வலையமைப்பு இருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கும் இந்திய உதவியோடு அப்படியான திட்டம் வந்தது. பெரிய வலையமைப்போடு கம்பி இல்லாத தீவில் முகில் ஒன்று வெயிலை மறைத்தால் மீடிறனை யார் தாங்குவது, பற்றறியா டீசலா, எந்த நொடியில்? சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் மெல்லிய படையாக மிதக்கிற குடாநாட்டில் ஒரு கிணற்றில் எவ்வளவு வேகமாக இறைத்தால் உவர் மேலே ஏறும்? நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் அளந்து பம்பைத் தானே நிறுத்தித் தொடக்கும் கட்டுப்படுத்தி, அச்சுவேலித் தோட்டக்காரருக்கும் பயன்படும், நல்ல சஞ்சிகைக்கும் கட்டுரையாகும். போஸ்ரனில் இருக்கிறவருக்கு இந்தக் கிணறு இல்லை.

அம்மா சொல்வதில் பிழையில்லை. மின்சார சபை வேலை மாதச் சம்பளமும் மரியாதையும் உள்ள வேலை. உண்மையான வலையமைப்பைத் தொட்டுப் பார்த்த அனுபவம் ஆராய்ச்சிக்கு வரும்போது பெரிய பலமும்கூட. இரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டுப் படிக்கப் போன சிலரை எனக்குத் தெரியும், அவர்களின் கேள்விகள் மற்றவர்களுடையதைவிடக் கூர்மையாக இருந்தன. ஆபத்து ஒன்றுதான்: வீடு, கடன், கலியாணம் என்று வந்தபிறகு மாணவச் சம்பளத்துக்குத் திரும்புவது கடினம். அம்மாவிடம் "மாட்டன்" என்று சொல்லாமல், எத்தனை வருடம், அதற்குள் என்ன படிக்கப்போகிறேன் என்று கணக்கோடு சொல்லுங்கள். எங்கள் அம்மாக்கள் கணக்குக் காட்டினால் விளங்கிக்கொள்வார்கள். என் அம்மா விளங்கிக்கொண்டா. கிளாலிக் கடலேரியால் இரவில் படகேறித்தான் நான் பேராதனைக்குப் போனேன், அந்தப் பயணத்துக்கே சம்மதித்தவ.

இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கு இன்னும் தலைப்பு எடுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இதைச் செய்து பாருங்கள். ஒரு சிறிய நேரோட்ட மோட்டாரால் சைக்கிள் சக்கரம் ஒன்றைச் சுழற்றி, சக்கரத்தில் டைனமோவை உரசவிட்டு, டைனமோவுக்கு மின்குமிழ்களைச் சுமையாகக் கொடுங்கள். வேகத்தை அளந்து, பி.ஐ. கட்டுப்படுத்தி (இப்போதைய பிழையையும் இதுவரை சேர்ந்த பிழையையும் பார்த்துத் திருத்துவது) ஒன்றால் அதை ஒரே அளவில் நிறுத்துங்கள். குமிழ்களை ஒவ்வொன்றாக ஏற்றி, வேகம் எவ்வளவு விழுந்து எத்தனை நொடியில் மீள்கிறது என்று வரையுங்கள். பிறகு விளிம்பில் ஈயத்துண்டுகளைக் கட்டிச் சக்கரத்தைப் பாரமாக்கி ஒருதரம், அவற்றைக் கழற்றிவிட்டு ஒருதரம், கட்டுப்படுத்தியின் எண்களைத் தொடாமல் ஓட்டுங்கள். கடைசியாக, அளவீட்டைக் கால் நொடி பிந்திக் கொடுத்துப் பாருங்கள். இலேசான சக்கரமும் பிந்திய அளவீடும் சேரும்போது குமிழ்கள் துடிக்கத் தொடங்கும் ஓர் இடம் வரும். அந்த இடத்தை அளப்பதற்கு முன்பே கணக்கால் சொல்லமுடிகிறதா என்று முயன்று, இரண்டு வரைபையும் எனக்கு அனுப்பிவையுங்கள்.